நடுவில் நிற்கிற கட்சிக்கு நம் கரையில் இடம் உண்டா?

வாடைக்காற்று (பாம்பன்)
ஆகஸ்ட் 9, 2025, இரவு 9:40

போன மாதம் 25ஆம் தேதி கமல்ஹாசன் மாநிலங்களவையில் தமிழில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். மதியச் செய்தியில் காட்டினார்கள். அம்மா நண்டு உடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "உன் கட்சி ஒருவழியா டில்லிக்குப் போயிருச்சு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நம் கரைக்காரர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் உங்களிடமே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

2018 பிப்ரவரி 21. நான் அப்போது கல்லூரியில் முதலாண்டு. அவர் காலையில் ராமேசுவரத்தில் கலாம் ஐயா வீட்டுக்குப் போனார். கலாமின் அண்ணனைப் பார்த்தார், மீனவர்களைச் சந்தித்தார். அப்புறம் ராமநாதபுரம், அவர் பிறந்த பரமக்குடி, மானாமதுரை என்று போய் அன்று இரவு மதுரையில் கட்சியின் பெயரைச் சொன்னார். மக்கள் நீதி மய்யம். கொடியில் ஆறு கைகள் கோத்த வட்டம், நடுவில் நட்சத்திரம். வலதும் இல்லை, இடதும் இல்லை, மய்யம் என்று விளக்கினார். தமிழ்நாட்டில் எத்தனையோ கட்சிகள் சென்னையில் தொடங்கியிருக்கின்றன. இது நம் தீவில் முதல் அடி வைத்த கட்சி. அந்தப் பெருமை எனக்கு இன்றும் இருக்கிறது.

2019 ஏப்ரல் 18ஆம் தேதி என் முதல் ஓட்டு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நான்காம் நாள். படகெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் ஊரில், வரிசை தெருமுனை வரை நின்றது. நான் மய்யத்தின் சின்னமான டார்ச் லைட்டுக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்தேன். பொம்பளைப் பிள்ளை பூத்தில் உட்காருவதா என்று சித்தப்பா சத்தம் போட்டார். அம்மாதான் டிபன் பாக்ஸில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினார். நம் பக்கத்தில் அந்தக் கட்சி என்றால் நானும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அந்தத் தேர்தலில் நம் தொகுதியில் சூரியனும் கிடையாது, இலையும் கிடையாது. ஒரு பக்கம் தி.மு.க. கூட்டணியில் முஸ்லிம் லீக்கின் ஏணி, இன்னொரு பக்கம் அ.தி.மு.க. கூட்டணியில் பா.ஜ.க.வின் தாமரை. அப்படியும் ஏணிக்குப் போட்டவர்களில் பலர் என்னிடம் "சூரியனுக்குப் போட்டேன்மா" என்றுதான் சொன்னார்கள். சின்னமே மெஷினில் இல்லாதபோதும் இரண்டு கட்சிதான் மக்கள் மனசில் இருந்தது. எங்கள் பூத்தில் டார்ச் லைட்டுக்கு நாற்பது சொச்சம் ஓட்டு. மாநிலம் முழுவதும் 3.7 சதவீதம். 2021இல் அது 2.6 ஆனது. கோவை தெற்கில் தலைவர் 1,728 ஓட்டில் தோற்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் கட்சியின் பெரிய ஆட்கள் பலர் விலகினார்கள். 2024இல் தி.மு.க. கூட்டணியில் சேர்ந்து, மக்களவைத் தேர்தலில் நிற்காமல், இந்த ஒரு மாநிலங்களவை இடம்.

என் கேள்வி இதுதான். இரண்டு பெரிய கட்சிக்கும் மாற்று என்று தொடங்கிய கட்சி, ஒரு பெரிய கட்சியின் தயவில் கிடைத்த இடத்தில் உட்காரலாமா? உட்காரக் கூடாது என்றால் வேறு என்னதான் வழி? நம் கரையில் நடுவில் நிற்கிற ஒரு கட்சியால் யாருக்காவது ஒரு நாளாவது பலன் உண்டா? திட்டுவதாக இருந்தாலும் காரணம் சொல்லித் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

---

வடகடல் (பாம்பன்)
ஆகஸ்ட் 10, காலை 7:15

தங்கச்சி, நேற்று கடலுக்குப் போய்விட்டு இப்போதுதான் கரை ஏறினேன். எழுதியதைப் படித்தேன். உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். போன வருஷம் என் விசைப்படகு அக்கரையில், இலங்கைப் பக்கம் பிடிபட்டது. ஐந்து பேர். இரவு இரண்டு மணிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. விடிவதற்குள் ஒரு பெரிய கட்சியின் கிளைச் செயலாளர் என் வீட்டு வாசலில் நின்றார். படகுப் பதிவுச் சான்று, டோக்கன், ஐந்து பேரின் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் எல்லாம் கேட்டு வாங்கினார். எதை எந்த ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆட்களின் வீடுகளுக்கு அரிசி வந்தது. ஆட்கள் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. ஆனாலும் அந்த ராத்திரி வந்து நின்ற மனுஷனை நான் மறக்க முடியாது.

அவர் கட்சியின் கொள்கை என்ன என்று கேட்டால் நாலு வரி சொல்லத் தெரியாது எனக்கு. அந்த மனுஷனுக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன். உன் கட்சியில் அந்த ராத்திரி வர எத்தனை பேர் இருந்தீர்கள்? மூன்று பேர் என்று நீயே சொல்கிறாய். மூன்று பேரை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம், சொல்லு.

---

பரமக்குடி வாத்தியார்
ஆகஸ்ட் 10, காலை 11:02

வாடைக்காற்றின் கேள்வி உணர்ச்சியில் பிறந்தது, அதில் தப்பில்லை. ஆனால் பதிலில் கொஞ்சம் கணக்கும் வேண்டும்.

1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் நடந்த சட்டமன்றத் தேர்தல்களில் ஆட்சிக்கு வந்தது இரண்டு கழகங்கள்தான். அதற்குள் மூன்றாவதாக எழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 1996இல் மூப்பனார் காங்கிரசிலிருந்து பிரிந்து தமிழ் மாநில காங்கிரசைத் (த.மா.கா.) தொடங்கினார். கடுமையாகப் பேசாத, எந்தப் பக்கமும் சாயாத மனிதர்கள் என்று மக்கள் நம்பினார்கள். 40 சட்டமன்றத் தொகுதியில் நின்று 39இல் வெற்றி, மக்களவையில் 20. நம் ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியும் அந்த முறை அவர்கள் சின்னமான சைக்கிளுக்குத்தான் போனது. நான் தேர்தல் பணியில் இருந்தேன், அந்த உற்சாகம் கண்ணில் நிற்கிறது. ஆனால் அந்த 39க்குக் கீழே சூரியன் இருந்தது. 1999இல் தி.மு.க. இல்லாமல் நின்றபோது மக்களவையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2002இல் கட்சியே காங்கிரசில் கரைந்தது. பிறகு 2014இல் மீண்டும் தொடங்கினார்கள் என்பது வேறு கதை.

விஜயகாந்தின் தே.மு.தி.க. அதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 2006இல் தனியாக நின்று 8.4 சதவீதம், ஜெயித்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 29 இடம், அவர் எதிர்க்கட்சித் தலைவர். 2016இல் மூன்றாவது அணிக்குத் தலைமை தாங்கி 2.4 சதவீதம், இடம் பூஜ்யம். தனியாகப் போனால் ஓட்டு உண்டு, இடம் இல்லை. சேர்ந்து போனால் இடம் உண்டு, தனி முகம் இல்லை. பத்தே ஆண்டில் இரண்டையும் அந்தக் கட்சி பார்த்துவிட்டது.

இது மனிதர்களின் குறை மட்டும் இல்லை, விதியே அப்படி. ஒரு தொகுதியில் யாருக்கு ஒரு ஓட்டு அதிகமோ அவருக்கு முழுத் தொகுதியும். 2021இல் நாம் தமிழர் கட்சிக்கு 6.6, மய்யத்துக்கு 2.6, அ.ம.மு.க.வுக்கு 2.4 சதவீதம். மூன்றையும் கூட்டினால் பதினொன்றைத் தாண்டுகிறது. 234 பேரில் அந்த மூன்று கட்சிக்கும் ஒருவர்கூட இல்லை. கட்டிய பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் திரும்பி வரவே செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வேண்டும். இதெல்லாம் தெரிந்த வாக்காளர் "என் ஓட்டு வீணாகக் கூடாது" என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

மய்யத்தின் ஓட்டு எங்கே விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். 2019இல் கோவையிலும் தென்சென்னையிலும் பத்து சதவீதத்தைத் தாண்டியது. கிராமத்தில், கடற்கரையில் ஒட்டவில்லை. வடகடல் சொன்ன கிளைச் செயலாளர்தான் அதற்கு விடை.

---

கீழக்கரை ராத்தா
ஆகஸ்ட் 10, மதியம் 3:30

வாத்தியார் சார் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் எங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சின்னக் கட்சி என்பது புதுசு இல்லை. 2011இல் ராமநாதபுரம் சட்டமன்றத்தில் ஜெயித்தவர் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா, இலையின் கூட்டணியில். 2019, 2024 இரண்டு மக்களவைத் தேர்தலிலும் ஏணி. இவர்களெல்லாம் பெரிய கட்சியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அதனால் எங்கள் குரல் அங்கே போகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். போயிருக்கிறது. கூட்டணி என்றாலே அடிமை என்று பேசுகிற தம்பிகளோடு எனக்கு ஒத்துவராது.

ஆனால் கையைப் பிடிப்பதிலும் விதம் இருக்கிறது. 2016இல் திருவாடானையில் கருணாஸ் ஜெயித்தது இரட்டை இலையில். 2021இல் ஜவாஹிருல்லா பாபநாசத்தில் ஜெயித்தது உதயசூரியனில். அடுத்தவர் சின்னத்தில் ஜெயித்தால் சட்டமன்றத்துக்குள் நீங்கள் அந்தக் கட்சி உறுப்பினர்தான். கொறடா உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். அந்த வகையில் பார்த்தால் வாடைக்காற்று இவ்வளவு வருத்தப்பட வேண்டியதில்லை. கமல் மய்யத்தின் உறுப்பினராகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார், சூரியனின் கொறடா அவரைக் கட்டுப்படுத்தாது. இடம் தயவில் வந்ததாக இருக்கட்டும், வாய் அவருடையதுதான். அந்த வாயைக் கொண்டு என்ன பேசுகிறார் என்று ஆறு வருஷமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

இன்னொன்று. 2020 டிசம்பரில் இல்லத்தரசிகள் தங்கள் வீட்டில் செய்கிற வேலைக்கு ஊதியம் தருவோம் என்று கமலின் கட்சி சொன்னது. ஊரில் பலர் கேலி செய்தார்கள், எங்கள் வீட்டிலும்தான். அடுத்த சில மாதத்தில் பெரிய கட்சியின் தேர்தல் அறிக்கையில் மாதம் ஆயிரம் வந்தது. 2023 செப்டம்பர் 15இல் உரிமைத் தொகை தொடங்கியது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படி வேலையும் வேலைதான் என்று 2020இல் முதலில் காதில் விழுந்த பேச்சு எனக்கு ஞாபகம் வருகிறது. அந்த ஆயிரத்தை எடுக்க வங்கி வாசலில் நிற்கும் பெண்களில் ஒருத்தியாவது டார்ச் லைட்டை நினைப்பாளா, தெரியாது. ஆனால் பலன் உண்டா என்று கேட்டாய் இல்லையா தங்கச்சி? உண்டு. உன் கட்சி பெயரில் வரவில்லை, அவ்வளவுதான்.

---

தென்கடல் (பாம்பன்)
ஆகஸ்ட் 10, இரவு 8:05

நான் நாட்டுப்படகுக்காரன். முப்பது வருஷமாக மன்னார் வளைகுடாப் பக்கம் தொழில்.

எல்லோரும் மய்யம், நடு என்று சொல்கிறீர்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடு எங்கே இருக்கிறது? யாராவது சொல்லுங்கள். கரையிலிருந்து முதல் 3 கடல் மைல் நாட்டுப்படகுக்கு என்று 1983 சட்டம் சொன்னது. ராமேசுவரம் தீவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாங்கள் என்று எங்களுக்குள்ளே ஏற்பாடும் இருக்கிறது. இருந்தும் விசைப்படகின் இழுவை மடி வலை கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. குஞ்சு, சினை, பாசி, பவளம் எதையும் விடுவதில்லை. போட்டு வைத்த எங்கள் வலையும் அதோடு போகும். காலையில் போய்ப் பார்த்தால் மிதவைகூட இருக்காது. ஒரு வலை செட்டு எத்தனை மாதக் கடன் என்று வலைக்காரனுக்குத்தான் தெரியும்.

அக்கரையில் நிற்பவனும் தமிழன்தான். போர் முடிந்து இப்போதுதான் கடலுக்கு வந்தவன். அவன் வலையும் அறுபடுகிறது. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடுத்தது. இதை நம் மேடையில் எந்தக் கட்சியும் பேசுவதில்லை. பேசினால் ஓட்டுப் போய்விடும். கச்சத்தீவைப் பேசுவார்கள். 1974இல் நீ கொடுத்தாய், 1976இல் நீ சும்மா இருந்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். கச்சத்தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் அறுபட்ட என் வலைக்கு அது பதில் ஆகாது.

நடு என்பது இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுப்பது என்றால் அப்படி ஒரு கட்சி எனக்கு வேண்டாம். இரண்டு பேரையும் ஒரு பாயில் உட்காரவைத்து, "நீ இந்த மடியை விட வேண்டும், அதற்குப் பதில் இது கிடைக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரிய கட்சிக்காரர் சொல்லமாட்டார், அவருக்கு இழக்க நிறைய இருக்கிறது. இழக்க ஒன்றும் இல்லாத கட்சிதான் சொல்ல முடியும். உங்கள் கட்சி சொல்லுமா தங்கச்சி?

---

வடகடல்
ஆகஸ்ட் 10, இரவு 8:50

அண்ணே, நீங்கள் சொல்வது வலிக்கிறது. பொய் என்று சொல்லமாட்டேன்.

மடியை விடு என்கிறார்கள். 2017இல் ஆழ்கடல் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் நம் கை. கேட்க நன்றாக இருக்கிறது. நம் கை என்றால் எட்டு லட்சம், கடன் பதினாறு லட்சம். பாக் விரிகுடாவில் இன்றைக்குப் போய் நாளைக்குக் கரை ஏறுகிறவன் நான். சூரை மீன் பிடிக்க வாரக்கணக்கில் பெருங்கடலில் கிடப்பது வேறு தொழில். எனக்கும் தெரியாது, என் ஆட்களுக்கும் தெரியாது. ஐஸ் கணக்கே வேறு, வலையே வேறு. யாரும் கூட இருந்து ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் மாறியிருப்பேன். சத்தியமாக மாறியிருப்பேன். என் மகன் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் ராத்திரி முழுக்க விளக்கை அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு மட்டும் ஆசையா?

உங்களையும் என்னையும் ஒரு பாயில் உட்காரவைத்தால் நான் உட்காருவேன் அண்ணே.

---

சாயல்குடி கரிசல்
ஆகஸ்ட் 10, இரவு 10:20

பூத், கிளை என்று பேசுகிறீர்கள். 2024இல் நம் தொகுதியில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக பலாப்பழத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். அப்படியும் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கி இரண்டாம் இடம். இரட்டை இலை மூன்றாம் இடம். சில வாரத்தில் ஒரு பழத்தைத் தொகுதி முழுக்கத் தெரியவைக்க முடிகிறது என்றால் டார்ச் லைட்டுக்கு ஏன் முடியாது?

---

பரமக்குடி வாத்தியார்
ஆகஸ்ட் 11, காலை 6:30

சாயல்குடி நண்பருக்கு: அவர் முதல்வராக இருந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு தேசியக் கட்சியின் கூட்டணி இருந்தது, இந்த மாவட்டத்தில் பல வருஷப் பழக்கமும் இருந்தது. பழம்தான் புதியது, மரம் பழையது.

---

மண்டபம் கரை
ஆகஸ்ட் 11, காலை 9:12

நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, அங்கேயும் இல்லை. அதனால் தேர்தல் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து எண்களைப் பார்ப்பது மட்டும்தான் எனக்கு. அப்படிப் பார்த்த ஒன்றைச் சொல்ல விருப்பம்.

இலங்கையிலும் பல பத்தாண்டுகள் இரண்டு கட்சிதான், பச்சை நிற ஐக்கிய தேசியக் கட்சியும் நீல நிற சுதந்திரக் கட்சியும். 2019 ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க வாங்கியது 3.16 சதவீதம். அதே ஆண்டு மய்யம் இங்கே வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் 3.84 சதவீதம். 2024இல் அவர் ஜனாதிபதி. அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தின் 225இல் 159 இடம் அவர் கட்சிக்கு. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று அவர்களுக்கு. எங்கள் பெரியம்மா அங்கிருந்து போனில் சொன்னபோது நான் நம்பவில்லை.

அவர்கள் நடுக் கட்சி இல்லை, இடதுசாரிகள். அது எனக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது மூன்று சதவீதத்தைப் பற்றி. அந்த 3.84 சதவீதத்துக்கு 2020இல் அவர்களுக்கு 3 இடம் கிடைத்தது. அங்கே ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப மாவட்டம் மாவட்டமாக இடம் பிரிக்கிறார்கள், அதன் மேல் தேசியப் பட்டியலும் இருக்கிறது. அந்த மூன்று பேர் நாடாளுமன்றத்தில் நின்று நாலு வருஷம் கேள்வி கேட்டார்கள். நாடு 2022இல் பொருளாதாரத்தில் விழுந்தபோது மக்களுக்குத் தெரிந்த குரல் அது. இங்கே 3.7 சதவீதத்துக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. கேள்வி கேட்க இடமே கிடைக்காத கட்சியைப் பார்த்து "நீ என்ன கேட்டாய்" என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

---

பரமக்குடி வாத்தியார்
ஆகஸ்ட் 11, மதியம் 1:40

மண்டபம் தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓட்டு இல்லாத ஒருவர் எங்கள் ஓட்டைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யோசித்திருப்பது என்னை என்னவோ செய்தது.

நீங்கள் சொன்னது சரி, அதைவிட முக்கியமாக ஒன்றையும் சேர்க்கிறேன். அந்த மூன்று சதவீதத்துக்குப் பின்னால் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இருந்தது. அது 1965இல் தொடங்கிய அமைப்பு. அடிபட்டு, தடைசெய்யப்பட்டு, ரத்தம் சிந்தி, ரத்தம் சிந்தவும் வைத்து, பிறகு தேர்தல் பாதைக்கு வந்தது. மாணவர் அமைப்பும் தொழிற்சங்கமும் ஊர்க் கிளையும் அதனிடம் ஏற்கெனவே இருந்தன. நாற்காலி இருந்ததால் குரல் கேட்டது என்பது பாதி. குரல் கேட்டபோது ஓட்டுச் சீட்டுக்கு ஆள் அழைத்துப்போக ஊர் ஊராக மனிதர்கள் இருந்தார்கள் என்பது மறு பாதி.

நம் தேர்தல் முறை மாறப்போவதாக எனக்குத் தோன்றவில்லை. மாற்ற வேண்டியவர்கள் அதே முறையில் ஜெயித்தவர்கள். அப்படியென்றால் அந்த மறு பாதியைத்தான் இங்கே யாராவது செய்ய வேண்டும். அதற்கு முப்பது வருஷம் ஆகலாம். ஒரு நடிகரின் பெயர் அதுவரை தாங்காது, தாங்கவும் கூடாது.

---

வாடைக்காற்று
ஆகஸ்ட் 11, இரவு 9:25

எல்லாவற்றையும் படித்தேன். மறுபடி மறுபடி படித்தேன்.

வடகடல் அண்ணே, அந்த ராத்திரி எனக்குத் தெரியும். எங்கள் தெருவே விழித்திருந்தது. நானும் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். அண்ணி அழுதுகொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிளைச் செயலாளர் காகிதம் கேட்டு எழுதியபோது செல்போனில் வெளிச்சம் பிடித்தது நான்தான். எந்த ஆபீசுக்கு எந்தக் காகிதம் என்று எனக்கும் அன்று தெரியவில்லை. படித்தவள், பூத்தில் உட்கார்ந்தவள், ஆனாலும் தெரியவில்லை. அடுத்த வாரமே எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதற்கப்புறம் நம் பக்கம் இரண்டு படகு பிடிபட்டபோது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டார்ச் லைட் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை.

தென்கடல் அண்ணனின் கேள்விக்கு: கட்சி சொல்லுமா என்று எனக்குப் பதில் சொல்ல உரிமை இல்லை. நான் சொல்வேன். எங்கள் அப்பா முப்பது வருஷம் விசைப்படகில் கூலிக்குப் போனவர். அவர் மகளே சொன்னால் கொஞ்சம் பேராவது காதுகொடுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மாநிலங்களவை இடம் பற்றி என் மனசு இன்னும் முழுசாக ஆறவில்லை. ராத்தா சொன்ன பிறகு கோபம் குறைந்திருக்கிறது. வாய் அவருடையது என்றீர்கள் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டேன். இழுவை மடிக்கு மாற்று பற்றி, ஒரு வருஷம் கூட இருந்து தொழில் சொல்லிக்கொடுப்பது பற்றி அங்கே கேட்கச் சொல்லி எழுதப்போகிறேன். வடகடல் அண்ணன் சொன்ன எட்டு லட்சம், பதினாறு லட்சம் கணக்கையும் சேர்த்து எழுதுவேன்.

---

கீழக்கரை ராத்தா
ஆகஸ்ட் 11, இரவு 10:10

நோட்டு விஷயத்தை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் நீ.

ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. சூரியனும் இல்லை, இலையும் இல்லை. பூட்டு சாவி, கை உருளை என்று எதையாவது கொடுப்பார்கள். இரண்டு கட்சியும் பின்னால் நின்று வேலை செய்யும், அது வேறு. ஆனால் கட்சிச் சின்னத்தைப் பார்த்துப் பழக்கத்தில் குத்த முடியாத தேர்தல் அதுதான். நம் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் இந்த ஜனவரியோடு முடிந்து தனி அலுவலர்கள் பார்க்கிறார்கள். தேர்தல் என்றைக்கு வந்தாலும் நீ வார்டுக்கு நில். நாற்பது சொச்சம் ஓட்டு மக்களவைக்கு ஒன்றுமில்லை, வார்டுக்கு அது பாதி வெற்றி.

அதுவரைக்கும் கிராம சபை இருக்கிறதே. அந்தக் கட்சி தொடங்கிய வருஷம் ஊர் ஊராகக் கிராம சபைக்குப் போங்கள் என்று சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15, அன்று கிராம சபை.

---

வாடைக்காற்று
ஆகஸ்ட் 12, காலை 6:05

ராத்தா, ராத்திரி அம்மாவிடம் பேசினேன். வார்டு பேச்சை எடுத்ததும் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "மொதல்ல கருவாடு காயப்போட ஒரு தளம் கேளு" என்றார்.

நம் ஊர்ப் பெண்களுக்கு அதுதான் பெரிய பாடு. மணலில், ரோட்டோரத்தில் போடுகிறார்கள். மண் ஒட்டினால் விலை பாதி. தூறல் விழுந்தால் அள்ளிக்கொண்டு ஓட வேண்டும், நாயை விரட்ட ஒரு ஆள் நிற்க வேண்டும். ஒரு சிமெண்ட் தளம், பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், மேலே பாதிக்கு ஒரு கூரை. இவ்வளவுதான். இதில் விசைப்படகு மீனும் காயும், நாட்டுப்படகு மீனும் காயும். மனு எழுதிவிட்டேன். இரண்டு இடம் குறித்திருக்கிறேன், வடகடல் பக்கம் ஒன்று, தென்கடல் பக்கம் ஒன்று. மடிப் பிரச்சினையை ஒரே நாளில் சபையில் தீர்க்க முடியாது. ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேச மீன்துறை தேதி குறிக்க வேண்டும் என்று இரண்டாவது தீர்மானமாகச் சேர்த்திருக்கிறேன். தென்கடல் அண்ணே, வாசகம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

நம் ஊராட்சியில் பத்தாயிரத்துக்கு மேல் மக்கள். 300 பேர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் சபை செல்லும். இதுவரை அம்மா பேசியதில் பெண்கள் அறுபது பேர் உறுதியாக வருகிறார்கள். காலை 11 மணி.

---

வடகடல்
ஆகஸ்ட் 12, இரவு 7:30

வெள்ளிக்கிழமை விசைப்படகுக்குத் தொழில் இல்லை தங்கச்சி. என் ஆட்கள் ஐந்து பேர், சம்மாட்டிகள் (படகுச் சொந்தக்காரர்கள்) நாலு பேர், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அந்தக் கிளைச் செயலாளரிடமும் சொன்னேன். யார் கொண்டுவருகிற தீர்மானம் என்று கேட்டார். நம் தெருப் பிள்ளை என்றேன். சரி, வருகிறேன் என்றார்.

---

தென்கடல்
ஆகஸ்ட் 12, இரவு 9:48

வாசகம் பார்த்தேன். "மீன்துறை தேதி குறிக்க வேண்டும்" என்பதை "30 நாளுக்குள்" என்று மாற்று. நாள் போடாத தீர்மானம் அலமாரியில்தான் கிடக்கும்.

வெள்ளி எங்களுக்குத் தொழில் நாள். விடியக்காலையில் வலையை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். கச்சான் காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம். எனக்கு ஒரு இடம் பிடித்து வை.